கீறல்

வின்னிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
இன்குபேட்டருக்குள் முப்பத்தேழு,
உடம்புச் சூடு.

தட்டில் இடைவெளியின்றிப் படர்ந்த செல்கள்.
பெயர் கிடையாது. லேபிளில்
பெண், ஐம்பத்திரண்டு, மார்பு.
பிப்பெட் நுனியால் நடுவே ஒரு கோடு கிழிக்கிறேன்.
கை நடுங்கினால் வேறு தட்டு.

பன்னிரண்டு மணி நேரத்தில்
இரு கரையிலிருந்தும் கால் நீட்டியிருக்கின்றன.
யாரோ 'வா' என்றிருக்கிறார்கள்.
யாரோ இல்லை, ஒரு புரதம்.
அது கதவைத் தட்டும்,
கதவு உள்ளே இருப்பவனிடம் சொல்லும்,
அவன் அடுத்தவனிடம்,
கடைசியில் செல் தன் சட்டகத்தையே கலைத்து
முன்னால் நகரும்.

போன வாரம் எங்கள் கட்டடத்தில்
அழைப்புமணிப் பொத்தான்
பனியில் இறுகி உள்ளேயே மாட்டிக்கொண்டது.
வாசலில் ஒருவருமில்லை.
விடியும்வரை மணி.
மூன்றாம் மாடி போதான்
நாலு தடவை செருப்போடு இறங்கி வந்து
கதவைத் திறந்து
வெறும் குளிரை உள்ளே விட்டார்.

நேற்றுக் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டுகையில்
என் விரல் கிழிந்தது.
இன்று ஓரங்கள் நெருங்கிவிட்டன.
அதே புரதம்தான், அதே 'வா'.
காயத்துக்கென்று உடம்பு
தனியாக ஒரு சொல் வைத்துக்கொள்ளவில்லை.
விரல் மட்டும்
கரை கரையைத் தொட்டதும் நின்றுவிடும்.

இருபத்துநாலாம் மணி.
மூன்றாம் வரிசை, மருந்து விட்ட குழி.
கோடு கிழித்தபடியே கிடக்கிறது.
இரண்டு தரம் அளந்து எழுதுகிறேன்.

ஆறாத காயத்தைக் கண்டு
இப்படிச் சிரிக்க
வேறெந்த வேலையில் முடியும்?

கையுறைக்குள்
விரல் விண்ணென்று தெறிக்கிறது.