ஐந்து வரி

எண்ணெய் ஊற்றுமுன் முதுகைப் பார்ப்பது என் வழக்கம்.
அடையாள அட்டை என் கழுத்தில் தொங்குகிறது,
வந்தவர் ஜாதகம் அவர் முதுகில்.

ஒகேனக்கல்லில் மாசி. தண்ணீர் வற்றிப்
பாறை எலும்பு தெரிகிற நாள்.
குப்புறப் படுத்தவர் பெயர் திம்மராயன்.
பர்கூர்ப் பக்கம் கருங்கல் குவாரியில்
வெடி வைப்பவர்.

இடது தோளில் ஐந்து வரி எழுத்து,
மேலிருந்து கீழாக, எறும்புச் சாரியின் தடிமனில்.
தமிழா என்று குனிந்தேன். இல்லை.
ஆனால் சுழித்து முடிகிற ஓர் எழுத்தை
எங்கள் ஊர் ஏரிக்கரை நடுகல்லில்
பார்த்த மாதிரி இருந்தது.
அந்தக் கல்லில் ஒருவன் மாடு மீட்கப் போய்
அம்பு தைத்து நிற்கிறான்.
அவனுக்கு எழுதியது செத்த பிறகு.

“தாய்லாந்துங்க” என்றார், பாறையிடம் பேசுவதுபோல.
முதலாளி பத்துப் பேரைக் கூட்டிப்போனாராம்.
மற்றவர்கள் பட்டாயா கடலில் குளித்த மதியம்
இவர் டாக்சி பிடித்து ஒரு மடத்துக்கு.
இரண்டு பேர் தோலை இழுத்துப் பிடிக்க
முழநீள எஃகுக் கம்பியால் பிக்கு
தையல் மிஷின் ஓடுவதுபோலக் குத்தி,
கடைசியில் வாயால் ஊதினார்.
மை வெறும் மைதான்; அந்த ஊதல்தான் காவல்.
பக்கத்தில் புலி குத்திக்கொண்ட கொத்தனார் பையன்
நாலு காலில் நின்று உறுமினானாம்.
“நம்ம முனியப்பன் கோயில்ல ஆடுவாங்களே, அப்படியேதான்.”

சட்டங்களை டாக்சிக்காரன் பெயர்த்துச் சொன்னான்.
சுரைக்காய் தின்னாதே.
சாவு வீட்டில் கை நனைக்காதே.
பெற்றவளை ஏசாதே.
துணி காயும் கொடிக்குக் கீழே தலை கொடுக்காதே.
இன்னொன்று இருக்கிறது என்றார். சொல்லவில்லை.

காலையில் ஈரப் புடவைகள் தொங்கிய கயிற்றைச் சுற்றிக்கொண்டு
பாசிப் பாறைமேல் தவழ்ந்து வந்தது இவர்தானா!
குடித்திருக்கிறார் என்றல்லவா நினைத்தேன்.

முழங்கையைத் தோளில் ஊன்றிக் கேட்டேன்,
“வேலை செய்யுதா?”
கொஞ்ச நேரம் அருவிதான் பேசியது.

“மார்கழியில ஒரு குழி வெடிக்கல.
பாக்கப் போனது மல்லேசன்.
பத்தடி பின்னால நான்.
கல்லு என்னைச் சுத்திக்கிட்டுப் போச்சுங்க.
சட்டையில ஒரு கிழிசல் இல்ல.
காரியத்தன்னிக்கு அவன் பொண்டாட்டி எனக்கு எல போட்டா.
நான் ஒக்காரல.
சட்டம்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?”

மீன் வறுக்கும் புகை எங்கள்மேல் வந்து திரும்பியது.

“அப்புறம் விசாரிக்க வந்தாங்க.
பேச்சுக் கேக்காம அவனாப் போனான்னு
எழுதியிருந்த காயிதத்துல கையெழுத்துப் போட்டேன்.
போடான்னது மேஸ்திரி.
என் ரெண்டு காதும் கேட்டுச்சு.”

அந்த ஐந்தாவது சட்டம் என்னவென்று
நான் கேட்கவில்லை.

“நல்லாத் தேச்சுப் பாருங்க.
அஞ்சும் இருக்கா?
ராத்திரி கண்ணாடியில பாத்தா
எனக்கு நாலுதான் தெரியுது.”

கட்டைவிரலால் எண்ணினேன்.
ஐந்து.
எண்ணெயில் இன்னும் கறுத்து, நேற்றுக் குத்தியதுபோல.
எத்தனையோ பேருக்கு
வலி போய்விடும் என்று சொன்ன வாய் இது.
இதில் சேர்க்கவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.
“எல்லாம் இருக்குதுங்க” என்றேன்.

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.
அரை மணி நேரம் இளக்கிய தோள்
கைக்கு அடியில் கல்லாகியது.

முந்நூறு பேசியதற்கு ஐந்நூறு கொடுத்தார்.
அருவியடியில் வெகுநேரம் நின்றார்.
எண்ணெய் போனது.

திரும்புகையில் பாசிப் பாறைப் பக்கம் போகவில்லை.
கயிற்றுக்குக் கீழே நேராக நடந்தார்,
ஒரு சிவப்புப் புடவையின் முந்தானை
முகத்தில் வழித்துவிட.
துணிக்காரி கத்தினாள்.
நின்று, திரும்பி,
இன்னொரு முறையும் போனார்.

பிறகு எதிர் மெஸ் வாசலில்
சுரைக்காய் இருக்கிறதா என்று அவர் கேட்பது
எனக்கே கேட்டது.
இன்று முட்டைக்கோஸ்தான் என்றார்கள்.