23 அடி 2 அங்குலம்

இரவு பதினொன்று பத்து.
ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு
குளக்கட்டின் உட்சரிவில் குந்தியிருந்து
அளவுக் கம்பத்தின் கோடுகளை எண்ணினேன்.
அலை எறிந்தால் மூன்று, வடிந்தால் ஒன்று.
நடுவை எடுத்தேன்:
இருபத்து மூன்றடி, இரண்டு அங்குலம்.

காவல் கொட்டிலுக்குள் வந்து
போனைச் சாரத்தில் துடைத்து
திணைக்களப் பக்கத்தில் எழுதி அனுப்பினேன்.
போய்ச் சேர்ந்ததா என்று
சனங்கள் பார்க்கிற பக்கத்தைத் திறந்தால்
இருபத்திரண்டு, பத்து.
எட்டு மணிக்கு நான் எழுதியது.

போன் பொய் சொல்லவில்லை. அதற்குப் பஞ்சி.
எட்டு மணிக்குப் பார்த்த பக்கத்தை மடித்து வைத்திருக்கிறது.
கேட்டால் அதையே விரித்துக் காட்டுகிறது,
இந்த மழைக்குள்
ஒட்டுசுட்டான் ரவர்வரை ஏன் ஓடுவான் என்று.

வட்டமாய் வளைந்த அந்த அம்பை அழுத்தினால்தான்
எழும்பிப் போகும்.
போயும் முழுப் பக்கத்தைக் கேட்காது.
"என்னட்டை எட்டு மணிப் பக்கம் கிடக்கு.
அதுக்குப் பிறகு ஏதும் மாறினதோ?"
அவ்வளவுதான் கேள்வி.

எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில்
மழை தெரியாத சேர்வர்
முந்நூற்று நான்கு என்று சொன்னால்
மாறேல்லை என்று கருத்து.
போன் தன் பழைய மடிப்பையே
புதிசுபோல விரித்துவிடும்.
இருநூறு என்று சொன்னால்
பின்னால் புதுப் பக்கம் வருகிறது.
இலச்சினை பழையதுதான், அது வராது.
அட்டவணை வரும்.

அம்பை அழுத்தினேன். சிக்னல் ஒரு குச்சி.
சுற்றிச் சுற்றி
வந்தது. 23 – 2.

மன்னாகண்டலிலிருந்து லோகேஸ்வரி எடுத்தாள்.
"என்னப்பா, நித்திரையே?
மாட்டுக்கொட்டிலுக்குள்ள தண்ணி வந்திட்டுது,
இதில இன்னும் இருபத்திரண்டு பத்தெண்டு நிக்குது."
"அந்த வட்ட அம்பை அமத்து."
"அமத்தினனான். சுத்திக்கொண்டு நிக்குது."
"திரும்ப அமத்து."
மழைச் சத்தம். ஒரு கன்று.
"ஓம், வந்திட்டுது" என்றாள்,
எனக்கில்லை, பக்கத்தில் நின்ற யாருக்கோ.

அத்தோடு விட்டிருக்கலாம்.
பன்னிரண்டு தாண்டி, மனம் கேளாமல்
நான் எழுதி அனுப்பிய பக்கத்திலும்
அதே அம்பை அழுத்தினேன்.
ஒரு பெட்டி எழும்பியது: மீண்டும் அனுப்பவா?
விரல் ஈரம். அரை நித்திரை.
ஓம் என்றுவிட்டேன்.

பார்க்கிற பக்கத்தைத் திரும்பக் கேட்டால்
திரும்பப் போவது கேள்வி.
எழுதின பக்கத்தைத் திரும்பக் கேட்டால்
எழுத்தே திரும்பப் போகிறது.
நேரத்தைச் சேர்வர் போட்டுக்கொள்ளும்.

11.15 23 – 2
12.04 23 – 2

இரண்டாவது வரிக்கு
நான் கட்டில் இறங்கவேயில்லை.

வசந்தபுரத்தில், மன்னாகண்டலில்
எத்தனை விரல்கள் அந்நேரம் அம்பை அழுத்தினவோ,
எல்லாருக்கும் புத்தம்புதுப் பக்கம் போயிருக்கிறது:
தண்ணீர் நிற்கிறது.

கோணலிங்கம் அண்ணை எடுத்தார்.
"தம்பி, நிண்டிட்டுதெல்லோ?
விதைநெல்லை ரைக்ரரில ஏத்தினனான்.
இறக்கி வைச்சிட்டுப் படுப்பம்."
"அண்ணை, இறக்காதையுங்கோ, அந்த ரண்டாவது வரி..."
லைன் அறுந்தது.
திரும்ப எடுத்தேன்.
நீங்கள் அழைத்த இலக்கத்தை, என்று
மூன்று மொழியிலும் ஒருத்தி.

அழிக்கிற பொத்தான் எனக்குத் தரப்படவில்லை,
அது முல்லைத்தீவில், எஞ்சினியரின் மேசையில்.
ஒரு வரியை நான் தோற்கடிக்கலாம் என்றால்
இன்னொரு வரியால்தான்.

செருப்பைத் தேடவில்லை.
ரோச்சின் இரும்பு நாவில் கசந்தது.
இரண்டாம் கோட்டைக் காணவில்லை.
ஐந்தையும் காணவில்லை.
அலை வடியும்வரை பார்த்திருந்தேன்,
இரண்டு தரம், பிசகக்கூடாதென்று.
ஏழு.

எழுதினேன். ஒரு தரம் மட்டும் அனுப்பினேன்.
பக்கம் போய் எவரையும் தட்டி எழுப்பாது.
கோணலிங்கம் அண்ணை
படுக்கமுன்
இன்னொருக்கால் அதை அமத்தவேணும்.