இருநூற்று நாற்பத்து நாலு

திங்கள் ஒன்பது லட்சம்.
புதன் ஆறு.
வெள்ளி, ஜெனரேட்டர் ஒருமுறை விக்கித் திரும்பிய பின்
மூன்றரை.
அதே குப்பி, அதே கரைசல், அதே பத்து மைக்ரோலீற்றர்.
மாரிக்கு எழும்பின புற்று
வெய்யிலுக்கு இடிவதுபோல
திரையில் உச்சி குறுகிக்கொண்டு போனது.

முதலில் மின்சார சபையைத் திட்டினேன்.
பிறகு கொழும்பு முகவரை.
"கோனைக் கழுவினீங்களா மிஸ்?" என்றார் தொலைபேசியில்.
கழுவினேன்.
மெதனோல் தொட்டிக்குள் பதினைந்து நிமிடம்
நுளம்பைப்போலச் சிணுங்கி
புதுக் காசாக வெளியே வந்தது.
மூன்று.

தெளிப்பு ஊசியை மாற்றினேன். மூன்று.
பம்பின் எண்ணெய் சாயத் தண்ணி நிறத்தில் கிடந்தது,
அதையும் மாற்றினேன்,
மணிக்கட்டில் வடிந்ததை வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டு.
வெற்றிடத்தில் குறையில்லை.
ஆகன் சிலிண்டரில் குறையில்லை.
நிமலரூபன் டிடெக்டர் கிழடாகிவிட்டது என்றான்,
வோல்ற்றேஜைக் கூட்டினான்,
உச்சியோடு இரைச்சலும் கூடியது.
புது டிடெக்டரின் விலையை
ஒரு துண்டில் எழுதி, மடித்து, மேசைக்கு அடியில் போட்டேன்.
நிகரான ஐசோடோப்பு வாங்க எங்களுக்கு வசதியில்லை.
இருந்திருந்தால் முதல் நாளே காட்டிக் கொடுத்திருக்கும்.

சனி இரவு. பம்பைமடுவில் எங்கள் கட்டடத்துக்கு மட்டும் வெளிச்சம்.
கரண்ட் போய் வந்தது.
கணினி தன்பாட்டில் எழும்பி
பழைய முறையொன்றைத் திறந்து வைத்தது:
நூறிலிருந்து ஐந்நூறு வரை எல்லாவற்றையும் வாங்கும் முறை.
மூடக் கை போனது. அலுப்பில் மூடவில்லை.
ஊசி போட்டேன்.

இருநூற்றிருபத்திரண்டில் ஒரு குச்சி.
இருநூற்று நாற்பத்து நாலில்
ஒரு பனை.

நாங்கள் இயந்திரத்திடம் கேட்டு வைத்திருந்தது
இருநூற்றிருபத்திரண்டு வருகுதா என்பதை மட்டும்தான்.
வந்தவர் வேறு நிறையோடு நின்றால்
அது திரும்பியும் பார்க்காது.
கார்போபியூரான் குறையவேயில்லை.
ஒரு புரோத்தனை ஏந்தி வரவேண்டியது
சோடியத்தை ஏந்திக்கொண்டு
இரண்டு விரல் தள்ளி நின்றிருக்கிறது,
மூன்று கிழமையாக.

சோடியம் எங்கிருந்து வந்தது?
யசிந்தாவைக் கேட்டேன், கொஞ்சம் உரத்துத்தான்.
அவள் தொடவில்லையாம்.
பிறகு ஞாபகம் வந்தது:
மூன்று கிழமைக்கு முந்தின திங்கள்,
கரைப்பான் போத்தலில் தூசி கண்டு
சவர்க்காரம் போட்டு, குழாய்க்கிணற்றுத் தண்ணியில் அலசி
வெய்யிலில் கவிழ்த்து வைத்தவள்
நான்.
கேத்தலுக்குள் பொருக்குக் கட்டும் அதே தண்ணி.
சுத்தமாய் இருக்கட்டும் என்று.

புதுப் போத்தல், புது நீர், புது அமிலம்.
ஞாயிறு விடியப்புறம் எட்டே முக்கால் லட்சம்.
நிமலரூபனுக்கு எழுப்பிச் சொன்னேன்.
"அப்ப சரி" என்றுவிட்டுப் படுத்துவிட்டான்.

அப்ப சரியில்லை.

அந்த மூன்று கிழமைக்குள்
பதினொரு கிணறுகளுக்கு அறிக்கை போயிருக்கிறது.
ஓமந்தை நாலு, நெடுங்கேணி இரண்டு,
செட்டிகுளம் ஐந்து.
பதினொன்றிலும் ஒரே சொல்: கண்டறியப்படவில்லை.
கீழே என் கையெழுத்து.
அந்தச் சொல்லை எங்கள் வீட்டுக்கு வந்த
வேறு கடிதமொன்றிலும் வாசித்திருக்கிறேன்.
அதன் கீழும் ஒரு கையெழுத்து இருந்தது,
வடிவான கையெழுத்து.

திங்கள் காலை செட்டிகுளத்துக்கு எடுத்தேன்.
தவமலர் என்று பதிந்திருந்த இலக்கம்.
பின்னால் ஆரோ வாளி இறக்கும் சத்தம்.
"இல்லையெண்டு நீங்கள்தானே எழுதித் தந்தது?"

ஓம் அக்கா. நாங்கள்தான்.
இன்னொருக்கால் எடுக்கவேணும்.
நாளைக்கு வாறம்.

"போத்தல் கழுவி வைக்கட்டே?"

வேண்டாம் அக்கா,
தயவுசெய்து
கழுவ வேண்டாம்.