எதிர்த் தடத்தில் நான்கு விரல்

மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஏழு பழக்கங்கள்,
நீல மையில், ஒரே தாளில்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம்.
குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன்.
காற்று பிறக்கும் ஊர் என்பார்கள் எங்கள் லியேபாயாவை.
சமையலறைக்குள் அது நுழையும்போதெல்லாம்
தாள் ஒருமுறை படபடக்கும்,
"என்ன மைரிதா, ஆச்சா?" என்கிற மாதிரி.

காலையில் நடக்கச் சொன்னார். நான்கு நாள் நடந்தேன்.
ஐந்தாம் நாள் மழை.
ஆறாம் நாள் மழை இல்லை, நான்தான் இல்லை.
நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுதச் சொன்னார்.
வெந்நீர். கம்பளிக் காலுறை.
மறுபடியும் வெந்நீர்.
மூச்சை எண்ணச் சொன்னார்.
எண்ண எண்ண
மூச்சு என்னிடம் கணக்குக் கேட்கத் தொடங்கியது.

இதற்கிடையே வேலைக்குத் திரும்பியிருந்தேன்.
டிராம் ஓட்டுகிறேன்.
ஊருக்கே ஒரு வழித்தடம்தான்,
தொலைந்துபோக வழியில்லை.
அதனால்தானோ என்னவோ
வண்டியை என்னிடம் திருப்பித் தந்தார்கள்.

காலை ஆறு பன்னிரண்டு.
கால்வாய்ப் பாலத்தின் மேல்
எதிர்வண்டியின் விளக்கு.
ஓட்டுகிறவர் கென்னாதி.
அவர் வீட்டில் ரஷ்ய மொழி, என் வீட்டில் லாத்விய மொழி.
பதினொரு வருடத்தில் நாங்கள் பேசியது ஒரே தடவை,
பணிமனையில், தண்டவாளத்துக்குப் போடும் மணல் ஈரமாயிருப்பதைப் பற்றி.
ஆனாலும் பாலத்தில் அவர் கை தூக்குவார்.
கை என்றால் முழுக்கை இல்லை.
விசைப்பிடியிலிருந்து நான்கு விரல்,
ரொட்டித் துகளைத் தட்டிவிடும் அளவுக்கு.

முதல் வாரம் பார்க்காத மாதிரி கடந்தேன்.
வீங்கிய கண்ணோடு யாருக்குக் கை காட்டுவது?
இரண்டாம் வாரமும் அந்த விரல்கள் எழுந்தன,
கடன் கேட்கிறவரைப் போல அல்ல,
தாழிடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறவரைப் போல.

ஒரு செவ்வாய்க்கிழமை என் விரல்களும் எழுந்தன.
அவ்வளவுதான்.
மாலையில் வீட்டுக்கு வந்து
மூன்று வாரமாய்க் கிடந்த கோப்பையைக் கழுவினேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

ஆறு பன்னிரண்டுக்குப் பாலத்தில் இருக்க
நாலரைக்கு எழ வேண்டும்.
நாலரைக்கு எழ, ஒன்பதுக்குப் படுக்க வேண்டும்.
ஒன்பதுக்குத் தூக்கம் வர
ஏதாவது சூடாய்ச் சாப்பிட்டிருக்க வேண்டும்.
தாளில் இருந்த ஏழில் மூன்று
டிக்கெட் எடுக்காமல் பின்பெட்டியில் ஏறிக்கொண்டன.
நான் பரிசோதிக்கவில்லை. வந்தால் வரட்டும்.

குணமாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.
பிப்ரவரியில் இரண்டு நாள் படுக்கை என்னை விடவில்லை.
மூன்றாம் நாள் பாலத்தில்
அவர் விரல்கள் அதே உயரத்தில்தான் எழுந்தன.
"எங்கே போனாய்" என்று கூடுதலாய் ஒரு அங்குலம்கூட இல்லை.
அதற்காகத்தான் அன்று அழுதேன்,
அடுத்த நிறுத்தம் வருவதற்குள் முடித்தும் விட்டேன்.

நவம்பரில் எதிர்வண்டியில் வேறு முகம்,
ஒன்பது நாள்.
இளம்பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.
பழக்கதோஷம், கை தூக்கினேன்.
ஏதோ கோளாறு என்று பயந்து அவள் பிரேக்கைப் பிடித்தாள்.
மூன்றாம் நாளிலிருந்து அவளும் தூக்கினாள்.

பத்தாம் நாள் கென்னாதி வந்தார்.
அவர் மனைவி ஜினைதா போய்விட்டாள் என்று
பணிமனைப் பலகையில் ஒரு சீட்டு, பூவுக்குப் பணம் சேர்க்க.
பாலத்தில் அவர் நேராகப் பார்த்தார்,
கண்ணாடியை, மழையை, அதற்கு அப்பால் எதையோ.
விரல்கள் விசைப்பிடியிலேயே இருந்தன.

நான் தூக்கினேன்.
ரொட்டித் துகளைத் தட்டுகிற அளவுக்கு,
கூடுதலாய் ஒரு அங்குலம் இல்லாமல்.

இன்று பதினேழாவது நாள்.
இன்னும் நேராகத்தான் பார்க்கிறார்.
சமையலறையில் தாள் படபடக்கிறது.
அலாரத்தை நாலரைக்கு வைத்திருக்கிறேன்.