கச்சான் மாதத்துப் புகார்

தங்கச்சிமடத்தில் ஆடி மாதம்
காற்றுக்குப் பல் முளைத்திருக்கும்.
கச்சான் அடித்தால் என் கைபேசியும் கூடவே அடிக்கும்:
நெட் வரல, நெட் வரல,
வந்துட்டு வந்துட்டுப் போகுது.

அன்றைக்கு அது ஒன்பதாவது வீடு.
கம்பத்திலிருந்து வரும் இழையில் குறையில்லை.
அடாப்டர் முனையில் பச்சைக் களிம்பு.
உப்புக்கு எல்லாமே கருவாடுதான்.

ரூட்டரைத் தேடினால்
மாதா பீடத்தில், சீரியல் பல்புக்குப் பின்னால்.
இரண்டு ஆன்டெனாவும் சுரூபத்தின் தோளுக்கு மேலே
இறக்கை மாதிரி.
"உசரத்துல வைக்கணும்னு நீங்கதான சொன்னீங்க" என்றார் பிரிஜித்தா.
நான் இல்லை, எனக்கு முன்னால் வேலையில் இருந்த பையன்.
உயரம் சரி. முதுகை ஒட்டி இரும்பு பீரோ.
இரும்பைத் தாண்டாது அக்கா,
தண்ணியையும் அவ்வளவா தாண்டாது.

"தண்ணியத் தாண்டாதா?"
கஸ்பார் அப்போதுதான் வாய் திறந்தார்.
அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில்
யாரோ மறந்துபோன சாமான் போல இருந்தார்.

மடிக்கணினியில் உள்ளே போனேன்.
பயனர் பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.
கதவுக்குப் பதில் சாக்கு தொங்குகிறது.
மூன்று பேர் வீட்டில் பதினேழு கருவிகள்.

வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு?
"போட்டு நம்பர்."
டிஎன் பத்து எம்எம், அப்புறம் மூன்று இலக்கம்.
(இங்கே எழுத மாட்டேன். தொழில் அது.)
அண்ணே, அதை அணியத்தில் பெரிதாக எழுதி
பதினோரு வருஷம் கரைக்கே காட்டியிருக்கீங்க,
காக்காவுக்கும் தெரியும், மாத்திருவோம்.

"மாத்த வேணாம். அந்தப் பதினேழையும் படி."

ரெட்மி. விவோ. விவோ. சாம்சங். பேரில்லாதது ஒன்று.
விரலை மடக்கிக்கொண்டே வந்தார்.
அது மெல்வினு. அது டிரைவர் நெப்போலியன்.
அது ரெண்டும் ஐஸ் உடைக்கிற பயலுக.
காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே அந்நேரம்
நாலு தலை, திரை வெளிச்சத்தில் குனிந்தபடி.
"கூலிதான் குடுக்க முடியல."

ஆட்களை விமானம் ஏற்றி அனுப்பினார்கள்.
போட்டு அக்கரையில் ஏதோ ஒரு துறையில்
மண்ணில் சாய்ந்து கிடக்கிறது.
டீசல் மானியம் நின்றது, டோக்கன் நின்றது.
"அந்த நம்பர எங்க சொன்னாலும் இல்லங்கிறாய்ங்க தாயி.
இது ஒண்ணுதான் உள்ள விடுது."

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வேலையைப் பார்த்தேன்.
புது முனை, மேலே ரப்பர் டேப் மூன்று சுற்று.
பெட்டியை மாதாவிடமிருந்து இறக்கி நடுச்சுவருக்கு.
சேனல் ஆறில் தெருவே நெருக்கியடித்து நின்றது,
பதினொன்றுக்கு மாற்றினேன்.
பொத்தானை அழுத்தியே சேரும் வசதியை அணைத்தேன்.
பதினேழு பேருக்கும் விருந்தினர் வலை, தனியாக,
அதே பழைய எண்ணில்.
வலை என்றதும் கஸ்பார் லேசாகச் சிரித்தார்.
வீட்டு வலைக்கு பிரிஜித்தா எதையோ தட்டினார்,
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

புகாரை முடிக்க ஓடிபி வேண்டும்.
அனுப்பினேன். வரவில்லை. மறுபடி அனுப்பினேன்.
எந்த போன்ல பதிஞ்சிருக்கு அண்ணே?
கையைக் கடல் பக்கம் நீட்டினார்.
"போட்டோட அங்கதான் இருக்கு."
புது சிம்முக்கு, தொலைந்ததற்குப் போலீஸ் ரசீது வேண்டுமாம்.
தொலைந்தது எங்கள் எல்லையில் இல்லை என்கிறதாம் போலீஸ்.

பாலத்தில் ஸ்கூட்டி சாய்ந்தேதான் வந்தது.
உச்சிப்புளி தாண்டியதும் பிரிஜித்தாவின் குரல் பதிவு:
நல்லா வருதும்மா.
பின்னால் யாரோ கைதட்டிச் சிரிக்கிற சத்தம்.

என் திரையில் அந்தப் புகார் மட்டும் இன்னும் சிவப்பு.
நிலுவை, இருபத்தொன்பது நாள்.
ஏன் முடிக்கவில்லை என்று மேலாளர் காலையில் கேட்பார்.
ஓடிபி போயிருக்கு சார்,
அங்கிருந்து வரணும், என்பேன்.