இறுதிப்புள்ளி தெரியவில்லை

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
மூன்று நாள் தணிக்கை முடித்துக் கிளம்பும்போது
ஒதில் அம்மையார் ஒரு புட்டியை
ஆய்வுக்கூடத்துக் கையுறைப் பெட்டிக்குப் பின்னால்
வைத்துவிட்டுப் போனார்.
சரிபா பார்த்தாள். “உன் மேசையில வச்சுக்கோ” என்றாள்.
அதில் தவறில்லை.
பழைய நாளிதழில் சுற்றி
என் பூட்ஸ் பெட்டிக்குள் படுக்கவைத்தேன்.

புட்டியின் தாளில் மூன்று பெயர்கள்:
கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர.
பெரட்டில் பேர் கூப்பிடுவதுபோல்
வாய்விட்டுப் படித்தேன்.
ஒருவரும் கை தூக்கவில்லை.

அமிலக் கணக்குத் தாளின் முதுகில்
அவர் வரைந்த படம் இருக்கிறது:
வடக்கிலிருந்து இறங்கும் ரோன் ஆறு,
அதே வழியில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கும் காற்று,
கொடிகளின் காலடியில் மண்ணே தெரியாமல்
உருண்டைக் கற்கள்.
பகலில் வாங்கிய வெயிலை
இரவில் கொடிக்குத் திருப்பித் தருமாம்.
எங்கள் பெர்னாம் ஆற்றங்கரை முழுக்கக் களிமண்.
ஒரு கல் கிடைத்தால்
அது ஏதோ லாரியிலிருந்து விழுந்தது.

கிரெனாஷ் சூடு, சிரா மிளகு,
மூர்வேத்ர முதுகெலும்பு.
தனித்தனியே விட்டால் மூன்றும்
தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்குமாம்.
சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குப் பிடிபடாதது வேறு.
வெட்டிய பழம் ஒரு நாள் தாண்டினால் அமிலம் ஏறும்.
லாரியைத் திருப்பிவிடுவோம்,
டிரைவர் என் பரம்பரையைத் திட்டுவான்.
அங்கே பழத்தை நசுக்கி, நுரைக்கவிட்டு,
வருஷக்கணக்கில் இருட்டில் பூட்டி,
அப்புறம் விலையும் வைக்கிறார்கள்.

இரவு ஷிப்டில் பிட்டர் குணாளன்
மரையாணியைத் தக்கையில் முறுக்கி இறக்கி
குறட்டால் பிடுங்கினான்.
“ஒரு வாய்?”
“காவடிக்கு இன்னும் பத்து நாள்தான்க்கா” என்று
கையை மட்டும் முகர்ந்துகொண்டு போனான்.

நானும் குடிக்கவில்லை. முதலில் சோதித்தேன்.
பத்து மில்லி, மூன்று சொட்டு நிறங்காட்டி,
பியூரெட்டைத் திறந்தேன்.
எண்ணெய் என்றால் இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்தலாம்.
பதினெட்டு வருஷமாக
அந்த இளஞ்சிவப்பில்தான் என் சம்பளம்.
இது ஊதாவானது. நீலமானது.
பிறகு கழிவுக் குட்டையின் பச்சைக் கறுப்பு.
எங்கே நிறுத்துவது என்று
கடைசிவரை சொல்லவில்லை.

விடிந்ததும் குவார்ட்டர்ஸில்
தேநீர்க் குவளையில் ஊற்றிக் குடித்தேன்.
துவர்ப்பு. நாவல்பழம் தின்ற நாக்கு.
அறுசுவையில் இதற்கு எப்போதோ இடம் போட்டாயிற்று.
நாம்தான் அதை வாழைப்பூவிடம் ஒப்படைத்துவிட்டு
மறந்துபோனோம்.
மிளகு தாமதமாக வந்தது.
சூடு வந்தபோது நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்த ஊர்ப் பழம் இல்லையென்றால்
அந்த ஊர்ப் பெயர் போடக்கூடாது,
அங்கே அது சட்டம் என்றார் ஒதில்.
எங்கள் தொட்டியிலும் கலப்புதான்:
பதினொரு தோட்டம்,
பஞ்சார் கம்பத்துச் சின்னச் சின்ன நிலங்கள்,
சந்தனமேரியின் இரண்டு ஏக்கர்.
டேங்கரில் ஏறும்போது எல்லாருக்கும் சேர்த்து
ஓர் எண். மூணு புள்ளி ஆறு.

மாதிரிப் பதிவேட்டில் அந்த இரவின் வரி:
‘சிவப்பு. மூவர். இறுதிப்புள்ளி தெரியவில்லை.’
மேனேஜர் கேட்டால் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.
பியூரெட்டை ஏழு தடவை கழுவியாயிற்று.
சரிபா உள்ளே வந்தாள், மூக்கைச் சுருக்கினாள்,
ஒன்றும் கேட்காமல்
ஜன்னலைத் திறந்துவைத்தாள்.