நானூற்று எழுபதாவது படம்

காராகுல் ஏரி மே மாதத்திலும் உறைந்துதான் கிடக்கும்.
வானிலை நிலையத்தில் எனக்கு வேலை:
மூன்று மணிக்கொரு தரம் வெளியே போய்
வானத்தை எட்டாகக் கூறு போட்டு
மேகத்துக்கு எத்தனை பங்கு என்று எழுதுவது.
அன்றிரவு பூஜ்யம் எழுதினேன்.
பூஜ்யம் எழுதுகிற இரவுகளுக்காகவே
சைக்கிளில் வந்த போலந்துக்காரனிடம்
இந்தக் காமிராவை வாங்கியிருந்தேன்,
ஒரு குளிர்கால விறகுக் காசுக்கு.

இருபது விநாடி கண் திறந்திருக்கும்.
பத்து விநாடி மூடிக்கொள்ளும்.
இரவு பத்துக்கு வைத்தால் விடிகாலை நாலுக்குள்
எழுநூற்று இருபது படம்.
சேர்த்து ஓட்டினால் அரை நிமிடம்.
"ஆறு மணி நேரக் குளிருக்கு அரை நிமிடக் கூலியா"
என்பான் நூர்மத்.
சொல்லிக்கொண்டேதான் தன் கம்பளிக் காலுறையை
லென்ஸைச் சுற்றிக் கட்டிவிடுவான்,
உறைபனி படியாதிருக்க.

முக்காலியை முழங்காலளவுக்குத் தாழ்த்தி வைத்தேன்.
மாற்று பேட்டரி என் அக்குளில்.
ஜீப்புக்குள் சுருண்டு
ஏரியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அடியில் எங்கோ கட்டி விரிசல் விடும்போது
யாரோ கம்பியை இழுத்து விட்ட மாதிரி
ஒரு நீண்ட சத்தம், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு.

ஒன்றரை மணி இருக்கும்.
பால்வீதி மலையைத் தாண்டி எழும்பி வருகிற நேரம்.
எவளோ டார்ச் அடித்தாள்.

எவளோ என்ன, துர்சுனாய்தான்.
அந்த நடை எனக்குத் தெரியும்,
வெளிச்சமும் அவளைப் போலவே சாய்ந்து சாய்ந்து நடந்தது.
அணை என்று கத்தினேன்.
காற்று அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டது.
பிறகு வெளிச்சம் ஓரிடத்தில் நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
இருபது நிமிடம்.
அவளுக்கும் அவள் டார்ச்சுக்கும்
நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன்.
அணைந்ததும்
அப்பாடா என்று கண்ணை மூடினேன்.

மறுநாள் உப்புத் தேநீரோடு அவளே வந்தாள்.
கவரிமா ஒன்று மந்தையை விட்டுப் போய்
சரிவில் கன்று போட்டதாம்.
ஈரம் உறைவதற்குள் துடைத்தாளாம்,
முதலில் முந்தானைத் துணியால், பிறகு கையால்.
"காட்டு, அய்சுலு, என் டார்ச் விழுந்திருக்கிறதாமே."

ஓட்டினேன்.
வானம் ஒரு ஆட்டுரல் போலச் சுழன்றது.
அவள் நட்சத்திரத்தைப் பார்க்கவேயில்லை.
கீழே இடது மூலையில்
ஒரு மஞ்சள் பொட்டு ஓடி வந்து, துடித்து, போயிற்று.
"அவ்வளவுதானா?"
"இரண்டு விநாடி."
"இன்னொரு தடவை போடு."

நாலு தடவை போட்டேன்.
"அது எழுந்து நிற்கப் பார்த்தது, முடியவில்லை.
தூக்கிக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.
அதற்கு இரண்டு கை வேண்டும்,
டார்ச்சை அணைத்துவிட்டேன்.
இவ்வளவு நட்சத்திரம் இருக்க வெளிச்சம் எதற்கு?
உன் காமிராவுக்கு முன்னால்தான் போனேன்.
பச்சை விளக்கு மினுங்கிற்று.
நீ குறட்டை விட்டாய்."

நான் குறட்டை விடுவதில்லை.

அவள் போன பிறகு ஒவ்வொன்றாய் நகர்த்தினேன்.
நானூற்று ஐம்பத்து இரண்டில் வெளிச்சம் கடைசி.
அப்புறம் வெறும் இருட்டு, வெறும் இருட்டு.
நடக்கிறவளைக் காமிரா பிடிக்காது,
இருபது விநாடியில் கரைத்துவிடும்.

நானூற்று எழுபதில்
மலை தாழ்கிற இடைவெளியில்
மூன்று சிறு நட்சத்திரங்களைக் காணோம்.
முந்தைய படத்தில் இருந்தன.
அடுத்ததிலும் இருந்தன.

மூச்சு வாங்க நின்றிருக்கிறாள்,
எனக்கு இருபதடி முன்னால்,
இரண்டு உயிராக.

மூன்று மணிக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன்.
மேகம் பூஜ்யம்.
காற்று வடமேற்கு.
வேறு குறிப்பு: ஏதுமில்லை,
என் கையெழுத்தில்.